பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டால் அன்எம்ப்ளாய்மென்ட் பணம் நின்றுவிடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. மணிக்கு 40 டாலர் சம்பளத்தில் பார்த்த முழுநேர வேலை ஆட்குறைப்பில் போனது. இப்போது இ.டி.டி. (மாநில வேலைவாய்ப்புத் துறை) வேலையின்மை உதவித்தொகையாக வாரம் 450 டாலர் தருகிறது. பழைய மேனேஜர் போன் செய்து, "மணிக்கு 28 டாலர், வாரம் மூன்று நாள், வருகிறீர்களா?" என்கிறார். மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். ஆனால் மறுத்ததை மறைக்கக் கூடாது. இந்த வழக்குகளில் பெரிய சேதம் மறைப்பதால்தான் வருகிறது.

முதலில் போன் பேச்சை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். பதவி, சம்பளம், மணி நேரம், இடம், சேரும் தேதி, தற்காலிகமா நிரந்தரமா, டபிள்யூ-2 ஊழியரா (கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்) 1099 கான்ட்ராக்டரா (தனி ஒப்பந்தக்காரர்) என்று கேட்டு ஓரிரு நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். "விருப்பமில்லை" என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். இந்த விவரங்கள் இல்லாத விசாரிப்பு, உறுதியான வேலை அழைப்பு ஆகாது. ஆட்குறைப்பின்போது செவரன்ஸ் (பணிநீக்க இழப்பீடு) வாங்கியிருந்தால், மீண்டும் சேர்ந்தால் திருப்பித் தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாநில வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 1257(பி) பிரிவின்படி, தகுந்த வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் 2 முதல் 10 வாரம் வரை பணம் கிடைக்காது. எது தகுந்த வேலை என்பதை உங்கள் முந்தைய சம்பளம், அனுபவம், உடல்நிலை, தூரம், எவ்வளவு காலமாக வேலையில்லை என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்கிறார்கள். சம்பளம் 30 சதவீதம் குறைந்தது உங்கள் பக்கம் நல்ல வாதம். அதைவிட வலுவானது, அதே வேலைக்கு உங்கள் பகுதியில் நிலவும் சம்பளத்தைவிட 28 டாலர் கணிசமாகக் குறைவு என்று காட்டுவது. வேலை விளம்பரங்களைச் சேமித்து வையுங்கள். மாதங்கள் போகப் போக முந்தைய சம்பள வாதம் வலுவிழக்கும். பகுதிநேரம் என்ற ஒரே காரணத்தை நம்பி மறுக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்தில் "ஏதாவது வேலையை மறுத்தீர்களா?" என்ற கேள்வி வரும். உறுதியான அழைப்பை மறுத்திருந்தால் "ஆம்" என்று போட்டு காரணத்தை எழுதுங்கள். "குழந்தையைப் பார்க்க ஆளில்லை" என்று எழுதும்முன் யோசியுங்கள். நீங்கள் வேலைக்குத் தயாராகவே இல்லை என்ற வேறொரு சிக்கல் அதிலிருந்து முளைக்கும். பிறகு தொலைபேசி விசாரணை வைப்பார்கள். அந்த அழைப்பைத் தவறவிடாதீர்கள்.

"இல்லை" என்று போட்டுவிட்டுப் பின்னர் பழைய முதலாளி இ.டி.டி.க்குத் தெரிவித்தால், வாங்கிய பணத்தோடு 30 சதவீத அபராதம் கட்ட நேரும். அதற்கு மேல் 5 முதல் 23 வாரம் வரை தகுதியிழப்பும் வரலாம். சேர்ந்துவிட்டு மறைப்பதும் நடக்காது: 60 நாள் விலகியிருந்த ஊழியரைத் திரும்ப எடுத்தால், 20 நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை.

இனிக் கணக்கு. வாரச் சம்பளத்தில் 25 டாலர் அல்லது 25 சதவீதம், எது அதிகமோ அதை விட்டுவிட்டு மீதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மூன்று நாளுக்கு 672 டாலர். அதில் 504 கணக்கில் வருவதால் உதவி பூஜ்யம். இரண்டு நாள் மட்டும் போனால் சம்பளம் 448, அதோடு உதவி 114, ஆக மொத்தம் 562. வேலை செய்த வாரத்தில், பிடித்தம் போகுமுன் உள்ள தொகையைக் காட்டுங்கள். சம்பளம் கைக்கு வரும் வாரத்தில் காட்டுவது பலரும் செய்யும் பிழை.

என் கருத்தில், எழுத்தில் வரும் விவரங்கள் சரியாக இருந்தால் மூன்று நாள் வேலையை ஏற்றுக்கொண்டே முழுநேர வேலையைத் தேடுவது மேல். எடுக்காத உதவித்தொகை, உங்களுக்குத் திறந்திருக்கும் 12 மாத உதவிக் கணக்கில் மிச்சமாக நிற்கும். மீண்டும் ஆட்குறைப்பு வந்தால் அதே கணக்கைத் திறக்கலாம். ஆனால் சேர்ந்தபின் தக்க காரணமின்றி நீங்களாக விலகினால், வார உதவியின் ஐந்து மடங்கு, அதாவது 2,250 டாலர் சம்பாதிக்கும்வரை ஒன்றும் கிடைக்காது. மறுப்பதற்கான தண்டனையைவிட இது கடினமானது. ஆகவே பிடிக்காத நிபந்தனைகளைச் சேரும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எதிரான தீர்ப்பு வந்தால், கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அது முடியும்வரை படிவத்தை நிரப்புவதை நிறுத்தாதீர்கள். வென்றாலும், நிரப்பிய வாரங்களுக்கே பணம் வரும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் மறுத்த வாரமும் அடுத்த மூன்று வாரமும் போகும். டெக்சாஸில் ஆறு வாரம் வேலை பார்க்கும்வரை அல்லது வார உதவியின் ஆறு மடங்கு சம்பாதிக்கும்வரை கிடைக்காது.