கையைத் தூக்கு

அன்புள்ள அம்மா,

எனக்குத் தங்கச்சிமடம். ராமநாதபுரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெரிய ஃபேஷன் டிசைனர்கள் என்றால் எனக்கு உயிர். பாலென்சியாகா, இஸ்ஸே மியாகே, டியோர் என்று போனில் 400 படங்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் காசு இல்லாத நேரம், “இது ஒரு கேடா” என்று அப்பா திட்டுகிறார். தோழிகள் “டெய்லராகப் போறியா” என்று சிரிக்கிறார்கள். நான் டெய்லர்களைச் சொல்லவில்லை, டிசைனர்களைச் சொல்கிறேன் என்றால் யாருக்கும் புரிவதில்லை. இதெல்லாம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா? இந்த ரசனையை எப்படி வளர்த்துக்கொள்வது? என்ன படிக்கலாம்?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் மேஜைமேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை தையல் பிரித்துக் கிடந்தது. பாம்பனில் இருந்த என் அத்தை தைத்தது. போன மாதம் ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீ பாலென்சியாகா என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

படிப்பு பற்றி: சென்னை தரமணியில் நிஃப்ட் என்ற ஃபேஷன் படிப்புக் கல்லூரி இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கும் படிப்புகள் உண்டு, நுழைவுத் தேர்வு உண்டு. விவரத்தை நீயே தேடு. பணக்காரர்களுக்கு மட்டுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கோபுரத்தைக் கட்டக் காசு கொடுத்தவன் ராஜா. அதற்காக நாம் அண்ணாந்து பார்க்காமலா இருக்கிறோம்? அப்பாவின் திட்டு கடன் கட்ட வேண்டிய மனிதனின் திட்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் “டெய்லர்களைச் சொல்லவில்லை, டிசைனர்களைச் சொல்கிறேன்” என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்கு உன்னைத் திட்டாமல் விட முடியாது.

உன் பட்டியலில் முதல் ஆள் யார் என்று உனக்குத் தெரியுமா? கிறிஸ்டோபால் பாலென்சியாகா 1895-ல் ஸ்பெயினில், பிஸ்கே விரிகுடாக் கரையில் கெத்தாரியா என்ற ஊரில் பிறந்தவர். மீன்பிடிக்கிற ஊர். அப்பா கடலுக்குப் போனவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடித்த பையன்தான் 1937-ல் பாரிஸில் கடை திறந்து, முப்பது வருஷம் உலகத்தின் தையலுக்கே தலைமகனாக இருந்தான். தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பக்கத்து ஊர்க் கதை வேண்டுமா? நீயோ அவரைப் பாரிஸ்காரராக மட்டும் பார்த்துவிட்டு, அவர் அம்மா பார்த்த வேலையை ஒதுக்கித் தள்ளுகிறாய்.

இன்னொன்று. அவர் 1968-ல் கடையை மூடினார், 1972-ல் இறந்தார். பெயரை மட்டும் பிறகு வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள். உன் 400 படங்களில் அந்தப் பெயர் போட்ட ஷூவும் பையும் எத்தனை, அவர் கையால் வெட்டிய உடை எத்தனை என்று எண்ணிப் பார். முதல் வகையை அழித்துவிடு, போனில் இடமாவது மிஞ்சும்.

அவர் படம் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற ஆள் கிடையாது. வெட்டவும், தைக்கவும், ஆளை நிறுத்தி அளவு பார்த்துச் சரிசெய்யவும் தானே தெரிந்தவர். அவருக்கு ஒரு பித்து இருந்தது: சட்டைக் கை. கை சரியாக உட்காரவில்லை என்றால் முடிந்த உடையிலும் தையலைப் பிய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். ஏன் கை என்று கேள். மற்ற இடமெல்லாம் மனுஷி சும்மா நிற்கும்போது சரியாக இருந்தால் போதும். கை மட்டும் அவள் அசையும்போது சரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் என் அத்தை வருகிறாள்.

எழுபதுகளின் கடைசியில் பாம்பனில் அவளிடம் ஒரு கால் மிஷின் இருந்தது. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கிற பெண்கள் வருவார்கள். தீவுகளைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எடுத்து வருகிறவர்கள். பாறையில் கிழிபடாமல் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். அந்தச் சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் கிழிந்து வரும். அக்குளில்.

தண்ணீருக்குள் கையை நீட்டி இழுக்கிற வேலை. நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் நழுவாது. உப்பு ஏறிய நூல் காய்ந்து விறைத்து, அடுத்த முறை பட்டென்று விடும். மற்ற டெய்லர்கள் கிழிந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்கள். தையல் நின்றது, பக்கத்துத் துணி கிழிந்தது. அத்தை முதலில் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுப் பார்த்தாள், ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்துகிற வளைவை, கீழே இறக்கி. அது இன்னும் மோசம். ஆர்ம்ஹோல் இறங்க இறங்க, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே மேலே வரும். நீ வேண்டுமானால் உன் அப்பாவின் தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு பரணில் எதையாவது எட்டி எடுத்துப் பார். அக்குளை ஒட்டி, மேலே ஏற்றி வெட்டிய சட்டையில்தான் கை தனியாக அசையும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். இறுக்கினால் தளர்கிறது. கேட்டால் புதிர் மாதிரி இருக்கும், போட்டுப் பார்த்தால் புரியும்.

பழைய சட்டையின் ஆர்ம்ஹோலை மேலே ஏற்ற முடியாது, துணி இருக்காது. அதனால் அத்தை அக்குள் தையலைப் பிரித்து, அங்கே ஒரு சிறு துண்டு வைத்தாள். பழைய ஜிப்பாக்களில் அக்குளில் ஒரு சதுரம் இருக்குமே, அதே யோசனை. அந்தத் துண்டைக் கிராஸாக, அதாவது நூல் போகிற திசைக்குச் சாய்வாக, வெட்டியிருக்கிறாள். நூல் போகிற திசையில் இழுத்தால் துணி கொடுக்காது, கிராஸில் இழுத்தால் கொடுக்கும். மேஜைமேல் கிடக்கிற சட்டையில் வெள்ளைத் துணிக்கு நடுவே நீலக் கட்டம் போட்ட கைலித் துண்டு ஒன்று இருக்கிறது. கட்டம் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் கிராஸ் என்று கண்ணுக்கே தெரிகிறது. பாலென்சியாகா உடம்போடு சேர்த்து வெட்டிய கைகளுக்கு அக்குளில் இதே மாதிரி ஒட்டுத்துண்டு வைத்திருக்கிறார். அவர் பெயர் அத்தையின் காதில் விழுந்ததே இல்லை.

தைத்து முடித்ததும் அத்தை உடனே காசு வாங்கமாட்டாள். “போட்டுக்க தாயி. கையைத் தூக்கு. இப்ப முன்னால நீட்டு. இழு, பாசி பிடுங்குற மாதிரி இழு” என்பாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே கடலில்லாத இடத்தில் பாசி பிடுங்குவாள். அத்தை சுற்றி வந்து பார்ப்பாள். எங்காவது சுருக்கம் விழுந்தால் கழற்றச் சொல்லி அங்கேயே பிரிப்பாள். பிரித்த நூலைப் பொறுக்குவது என் வேலை. எட்டு வயதில் அது எனக்குப் பெரிய சலிப்பாக இருந்தது. அவளிடம் உட்கார்ந்து ஒரு தையலாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் “அத்தை என்ன வேலை பார்க்கிறாள்” என்று கேட்டதற்கு “சும்மா வீட்டில் இருக்கிறாள்” என்று சொன்னவள் நான். உன் வரி என்னைக் குத்தியது அதனாலும்தான்.

மியாகே பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, காகிதத்துக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு எடுத்தவர் அவர். கொசுவம் வைத்துப் புடவை கட்டுகிற வீட்டில் பிறந்த உனக்கு அவர் சீக்கிரம் புரிவார்.

சரி, ரசனை. படம் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அவை எல்லாம் நின்றுகொண்டிருக்கிற பெண்களின் படங்கள். முதலில் வீட்டில் கிழிந்த சட்டை ஒன்றை எடு. பிளேடு வேண்டாம், ஊசியால் நூலைத் தூக்கித் தூக்கி ஒரு கையை மட்டும் பிரி. தரையில் விரித்துப் பார். அப்புறம் அதையே திரும்ப வைத்துத் தை. முதல் தடவை கண்டிப்பாகக் கோணிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறிப் பாம்பனில் இறங்கு. பாசி எடுத்துத் திரும்புகிற பெண்கள் கரை ஏறி, கொஞ்சம் ஓய்ந்த பிறகு, அவர்கள் சட்டை இப்போதெல்லாம் முதலில் எங்கே கிழிகிறது என்று கேட்டு எனக்கு எழுது.