பேஸ்பால் பிட்ச்சர் டாமி ஜான்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் என்றால் யார்?

பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்ச்சர். ஸ்டார்ட்டிங் பிட்ச்சர், ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து தொடங்கி, முடிந்தவரை பல இன்னிங்ஸ் வீசுபவர். இப்போது பெரும்பாலும் ஓர் அணியில் ஐந்து பேர் முறை வைத்து வீசுகிறார்கள்.

கேள்வி: 'டாமி ஜான் அறுவை சிகிச்சை' என்கிறார்களே, ஒரு அறுவை சிகிச்சைக்கு ஏன் விளையாட்டு வீரர் பெயர்?

இதற்காகத்தான் இந்தப் பகுதிக்கே ஒப்புக்கொண்டேன். 1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்ச்சர் டாமி ஜான், மான்ட்ரியல் அணிக்கு எதிராக வீசும்போது முழங்கையின் உட்புற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அறுந்தது. அந்த ஆண்டு அதுவரை அவர் கணக்கில் 13 வெற்றி, 3 தோல்வி (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்ச்சர் பெயரிலும் எழுதுவார்கள்). வயது 31. அந்தக் காலத்தில் இந்தக் காயம் வந்தால் பிட்ச்சரின் கதை முடிந்தது என்றே அர்த்தம்.

அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் யாரும் செய்யாததைச் செய்தார். செப்டம்பர் 25 அன்று, ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். திரும்பி வர நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று அவரே சொன்னார். பிறகு கையின் நரம்பு பாதிக்கப்பட்டு, டிசம்பரில் இன்னொரு அறுவை சிகிச்சை. 1975 முழுவதும் ஜான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்து 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். மூன்று ஆண்டுகளில் தலா 20 வெற்றியைத் தொட்டார்: 1977, 1979, 1980. மொத்தம் 288 வெற்றி. அதில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை! 1989 வரை, 46 வயதில்கூட வீசிக்கொண்டிருந்தார்.

கேள்வி: இந்த சிகிச்சை செய்தால் பந்து வேகம் கூடுமாமே?

கூடாது. கட்டப்படுவது அறுந்துபோன லிகமென்ட்டுக்கு மாற்று, அவ்வளவுதான். திரும்பி வருபவர்கள் சிலர் வேகமாக வீசுவது, ஓராண்டுக்கும் மேல் செய்யும் பயிற்சியால்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. வருடம் முழுக்க பந்து வீசச் சொல்கிறார் பயிற்சியாளர்.

தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 11-12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துதான் உச்சவரம்பு என்று அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி சொல்கிறது. ஓய்வு மாதங்களும் கட்டாயம் வேண்டும். வலிக்கிறது என்று பையன் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: வலி இல்லாமலே இந்த சிகிச்சையை முன்கூட்டி செய்துகொண்டால் வேகம் கூடுமா?

மேலே பதில் சொல்லிவிட்டேன். நல்ல கையில் கத்தி வைக்கவே கூடாது.

கேள்வி: டாமி ஜான் வேகப் பந்து வீச்சாளரா?

இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர் (sinker) என்ற வகைப் பந்து. கடைசி நேரத்தில் தாழ்ந்து விழும், அடித்தால் பந்து தரையில் உருளும்.

கேள்வி: 288 வெற்றி, ஆனால் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. நியாயமா?

நியாயமில்லை.

கேள்வி: ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை ஒருமுறைகூட வாங்காதவர். 26 சீசன் ஆடினால் யாருக்கும் எண்ணிக்கை சேரும்.

சரி, சேரட்டும். ஆனால் யாருக்கு 26 சீசன் கிடைக்கிறது? 1977, 1979 இரண்டிலும் அந்த விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தவர். 283 வெற்றி பெற்ற பிட்ச்சர் ஜிம் காட் 2022-ல் உள்ளே வந்துவிட்டார்.

கேள்வி: சிகிச்சை இல்லையென்றால் அவரை யாருக்குத் தெரியும்?

அதற்கு முன்பே 124 வெற்றி பெற்றவர் அவர்! சிகிச்சையை வைத்தும் அவருக்காக நான் வாதாடுவேன். மருத்துவர் ஜோப்பை 2013-ல் ஹால் ஆஃப் ஃபேமே மேடையேற்றிக் கௌரவித்தது. அதே சிகிச்சை செய்துகொண்ட பிட்ச்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015-ல் உறுப்பினரானார். முதலில் அதைத் தாங்கி, வழி காட்டியவர் மட்டும் வெளியே நிற்கிறார்.

கேள்வி: வேகம் கூடுமா என்று யாராவது சொல்லுங்களேன்?

கூடாது.