ஜப்பானிய ஜனநாயகம் 1947-இல்தான் தொடங்கியதா?

நீங்கள் கேட்டது இதுதானே: "ஜப்பானுக்கு ஜனநாயகம் மெக்ஆர்தர் தந்தது" என்று கட்டுரையில் எழுதியதற்குப் பேராசிரியர் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிட்டார், எங்கே திருத்துவது? கோடு போட்டது சரிதான். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை மேற்பார்த்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர்; அவர் காலத்தில் எழுதிய அரசியலமைப்பு 1947-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கதை அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. அதற்காக முழுக் கட்டுரையையும் தூக்கிப் போட வேண்டாம், தொடக்கத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

1874-லேயே அரசியல் தலைவர் இதாகாகி தாய்சுகேயும் கூட்டாளிகளும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். 1890-இல் முதல் தேர்தல். ஓட்டு யாருக்கு? 15 யென் நேரடி வரி கட்டிய, 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும். மக்கள் தொகையில் சுமார் 1 சதவீதம்! அந்த வரம்பு 10 யென், அப்புறம் 3 யென் என்று இறங்கி, 1925-இல் வரி நிபந்தனையே போனது. அதே ஆண்டு அமைதிப் பாதுகாப்புச் சட்டம் வந்து இடதுசாரிகளைச் சிறையில் தள்ள வழி செய்ததையும் விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், கட்சி ஆட்சி உடைந்த கதைக்குத்தான் அதிக இடம் தர வேண்டும். 1932 மே 15-இல் பிரதமர் இனுகாய் சுயோஷியைக் கடற்படையின் இளம் அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். போருக்கு முந்தைய கட்சி அமைச்சரவைகள் அதோடு முடிந்தன. 1936-இல் பணியில் உள்ள தளபதிகளே படைத்துறை அமைச்சர்களாகலாம் என்ற பழைய விதியும் திரும்பியது. ராணுவம் ஆள் தர மறுத்தாலே அமைச்சரவை அமையாது.

மெக்ஆர்தரை நீக்க வேண்டாம். பெண்களுக்கு ஓட்டு 1945 டிசம்பரில் வந்தது, 1946 தேர்தலில் 39 பெண்கள் வென்றார்கள். ஆனால் இச்சிகாவா ஃபுசாயே போன்றவர்கள் 1920-களிலேயே அதற்காகப் போராடியதை இரண்டு வரி எழுதுங்கள். முதல் பத்தியை மாற்றியதும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.