நடுவர் இல்லாத ஆட்டத்தில் நியாயம்: வாசகர் கேள்வி – பதில்

அல்டிமேட் ஃப்ரிஸ்பி பற்றி ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆட்டத்தில் வரும் தகராறு பற்றியவை. டிஸ்க் எனும் பறக்கும் தட்டைத் தன் அணிக்காரருக்கு எறிந்து எறிந்து முன்னேறி, கடைசியில் கோல் பகுதிக்குள் பிடித்தால் கோல். இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. ஆடுபவர்களே விதியைச் சொல்லி, ஆடுபவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் தகராறு பற்றிய கேள்விகளையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அரியமான் கடற்கரையில் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். ஒருவன் ஃபவுல் என்கிறான், மற்றவன் தொடவே இல்லை என்கிறான். பத்து நிமிடம் சண்டை போட்டுவிட்டு ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம். யார் சொல்வதை ஏற்பது? (உச்சிப்புளி வாசகர்)

யார் சொல்வது சரி என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. பலருக்குத் தெரியாத செய்தி இதுதான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், இருவர் கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் விதியை எழுதியிருக்கிறார்கள்.

ஃபவுல் என்று குரல் கொடுக்கும் உரிமை இடிபட்டவருக்கு மட்டுமே உண்டு. அணித் தலைவருக்கோ கரையில் நின்று பார்ப்பவருக்கோ அது கிடையாது. குரல் வந்ததும் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். டிஸ்க் காற்றில் இருந்தால், அது ஒருவர் கைக்கு வரும்வரை அல்லது தரையில் விழும்வரை மட்டும் ஆட்டம் தொடரும். பிறகு இடிபட்டவர் ஒரே வாக்கியத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்: "நான் பிடிக்கப் போகும்போது உங்கள் முழங்கை என் கையைத் தட்டிவிட்டது." எதிராளி ஒப்புக்கொண்டால், பிடிக்க வந்தவருக்கு அந்த இடத்திலேயே டிஸ்க் கிடைக்கும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் "கான்டெஸ்ட்" என்று சொன்னால் போதும். டிஸ்க் கடைசியாக எறிந்தவர் கைக்குத் திரும்பும். அந்த எறிதலே நடக்காதது போல மறுபடி ஆடலாம். யாரும் தோற்கவில்லை, யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை.

பேச்சுக்கு 45 விநாடிதான் வரம்பு. அதற்குள் முடியவில்லை என்றால் கான்டெஸ்ட் என்றே கொண்டு டிஸ்க்கைத் திருப்ப வேண்டும். டிஸ்க் வைத்திருப்பவர் எறிந்துவிட வேண்டிய நேரத்தை அவரைத் தடுப்பவர் வாய்விட்டு எண்ணுவார். நிறுத்தத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை எங்கே தொடங்கும் என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சண்டை அங்கிருந்து கிளம்பும். பத்து வரை எண்ணும் ஆட்டத்தில், தடுப்பவர் தவறை ஒப்புக்கொண்டால் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். கான்டெஸ்ட் ஆனால் விட்ட இடத்துக்கு அடுத்த எண்ணிலிருந்து. ஆனால் தொடங்கும் எண் ஆறுக்கு மேல் போகக் கூடாது.

உங்கள் சண்டை பத்து நிமிடம் நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இருவர் அல்ல, சுற்றி வந்து நிற்கும் எட்டுப் பேர். ஃபவுல் சொன்னவரும் சொல்லப்பட்டவரும் மட்டும் பேசட்டும். அவர்கள் கேட்டால், நன்றாகப் பார்க்கும் இடத்தில் நின்றவர் தான் கண்டதைச் சொல்லலாம். முடிவு அந்த இருவருடையது. ஆனால் தன் அணிக்காரர் தவறாகக் குரல் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால், கேட்காமலே அவரிடம் போய்ச் சொல்வது உங்கள் கடமை. சொன்னவர் அந்தக் குரலைத் திரும்பப் பெறலாம். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

இன்னொன்று: லேசாக உரசியதற்கெல்லாம் ஃபவுல் சொல்லக் கூடாது. அந்த உரசலால் ஆட்டத்தின் போக்கு மாறியிருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். அதே நேரம், உண்மையிலேயே இடிபட்டும் "பரவாயில்லை, விடு" என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதையும் நல்ல குணம் என்று நினைக்காதீர்கள். மூன்று முறை விழுங்கியவர் நான்காவது முறை கத்துவார். முதல் முறையே நிதானமாகச் சொல்லிவிட்டால் அந்தக் கத்தலுக்கு இடமே இல்லை.

கேள்வி: எங்களைத் தடுக்க நிற்பவர்கள் ஒன்று இரண்டு மூன்று என்று மூச்சுவிடாமல் எண்ணிவிடுகிறார்கள். என்ன செய்வது? (கீழக்கரை வாசகர்)

"ஸ்டாலிங்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒன்று தொடங்க வேண்டும். ஓர் எண்ணின் தொடக்கத்துக்கும் அடுத்த எண்ணின் தொடக்கத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு விநாடி இருக்க வேண்டும். அப்படியானால் ஒன்றிலிருந்து பத்துக்கு வர ஒன்பது விநாடி ஆகும். கைபேசிக் கடிகாரத்தை வைத்து ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்லிப் பாருங்கள். பலர் ஆறு, ஏழு விநாடியில் முடித்துவிடுவார்கள். ஓடி வந்த மூச்சிரைப்பில் வேகம் தானாக ஏறும். வேண்டுமென்று செய்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆட்டத்தின் நடுவே "ஃபாஸ்ட் கவுன்ட்" என்று சொல்லுங்கள். ஆட்டம் நிற்காது. எண்ணுபவர் கடைசியாகச் சொன்ன எண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்து அங்கிருந்து தொடர வேண்டும்: ஐந்து சொல்லியிருந்தால் மறுபடி நான்கு. எண்ணுபவர் உங்களிடமிருந்து 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதே சமயம் ஒரு டிஸ்க்கின் குறுக்களவுக்கும், அதாவது சுமார் 27 செ.மீ.க்கும், நெருங்கி வரக் கூடாது. மணலில் ஐவர் ஆட்டம் என்றால் எட்டு வரையா, பத்து வரையா என்று தொடங்கும் முன்பே இரு அணியும் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கச்சான் காற்று வீசும் மாதங்களில் டிஸ்க் மேலேயே மிதக்கிறது. நாலு பேர் கீழே கூடி மோதிக்கொள்கிறார்கள். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற குழப்பம் வேறு. (பாம்பன் வாசகர்)

முதலில் மோதல். "டிஸ்க்கைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை" என்பது இந்த ஆட்டத்தில் சமாதானம் ஆகாது. போகிற வழியில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது ஓடுபவரின் பொறுப்பு. கண்மூடித்தனமாகப் பாய்ந்தால், உடம்பு படாவிட்டாலும் அதை ஆபத்தான ஆட்டம் என்று சொல்லி ஃபவுலாகவே கொள்ளலாம். மிதக்கும் டிஸ்க்குக்கு ஓர் அணியிலிருந்து ஒருவர் மட்டும் போவது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் நான்கைந்து அடி தள்ளி நின்று, தட்டிவிடப்படும் டிஸ்க்குக்குக் காத்திருக்கலாம்.

கோட்டைப் பொறுத்தவரை, எல்லைக்கோடு வெளிப்பக்கத்தைச் சேர்ந்தது. கால் அதன்மேல் பட்டாலே அவுட். கோல் கோடு நடு ஆடுகளத்தைச் சேர்ந்தது. அதன்மேல் கால் வைத்துப் பிடித்தால் கோல் ஆகாது. மணலில் காலால் கிழித்த கோடு இரண்டு கோலுக்குள் அழிந்துவிடும், குழப்பத்துக்குக் காரணம் அதுதான். தட்டையான நாடாவை விரித்து, முளைகளை மணலுக்குள் முழுக்க இறக்கிவிடுங்கள். வலைக்கயிறு வேண்டாம், விரலில் மாட்டி விழவைக்கும். கடற்கரை அளவு நீளம் 75 மீட்டர், அகலம் 25 மீட்டர். அந்த 75க்குள் இரு முனையிலும் 15 மீட்டர் கோல் பகுதி. நான்கு மூலைக்கு நான்கு, கோல் கோட்டு முனைகளுக்கு நான்கு என எட்டுக் கூம்புகள் போதும். நீளத்தைக் கரையோடு இணையாகப் போட்டால் ஈர மணலும் பொதிமணலும் இரு அணிக்கும் சமமாகக் கிடைக்கும். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு பக்கம் மாறுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். காற்றின் சாதகம் ஒரே அணிக்குச் சேராமல் இருப்பது அதனால்தான். ஆடும் முன் இரு அணியும் சேர்ந்து ஒரு நடை நடந்து சிப்பி, கண்ணாடி, இராவணன் மீசை முள் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆடும் இடத்தில் வலை காயப்போடுகிறார்கள். (வாலிநோக்கம் வாசகர்)

இடம் அவர்களுடைய தொழிலுக்கானது. முந்தின நாளே கேளுங்கள். கரைவலை இழுக்கும் நேரம் என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் பையன்களும் பெண் பிள்ளைகளும் கலந்து ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகள் இடிபட்டாலும் வாயே திறப்பதில்லை. (தொண்டி ஆசிரியை)

நீங்கள் அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஆரம்பித்தால் அவர்கள் கடைசிவரை பேசமாட்டார்கள். பயிற்சியில் 15 நிமிடம் இதற்கென்றே ஒதுக்குங்கள். இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் கையை லேசாகத் தட்ட, மற்றவர் "ஃபவுல்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, ஒரு வாக்கியத்தில் விளக்கட்டும். எதிரில் இருப்பவர் ஒரு முறை ஒப்புக்கொள்ளட்டும், ஒரு முறை கான்டெஸ்ட் சொல்லட்டும். கான்டெஸ்ட் வந்தால் உலகம் இடிந்துவிடாது என்று தெரிந்ததும் குரல் வரும். பையன்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பேசும்போது எதிரே நெருங்கி வந்து நிற்காமல், இரண்டடி தள்ளி நின்று பேச வேண்டும்.

கேள்வி: பரிசுத் தொகை வைத்துப் போட்டி நடத்தப்போகிறோம். அம்பயர் இல்லாமல் சரிப்படுமா? (ராமேஸ்வரம் வாசகர்)

சரிப்படும். 1968-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலப் பள்ளி ஒன்றில் தொடங்கிய ஆட்டம் இது. உலகச் சாம்பியன்ஷிப் போட்டிகளையே வீரர்கள் நடுவர் இல்லாமல் ஆடி முடிக்கிறார்கள். 2001 முதல் உலக விளையாட்டுப் போட்டிகளிலும் இடம்பெறுகிறது.

ஆனால் வெற்றிக்கு மட்டும் பணம் வைக்காதீர்கள். ஸ்பிரிட் மதிப்பெண்ணில், அதாவது நியாயமாக ஆடியதற்கு எதிரணிகள் தரும் மதிப்பெண்ணில், முதலில் வரும் அணிக்கும் அதற்குச் சமமான பரிசு கொடுங்கள். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் இரு அணியும் கலந்து வட்டமாக நின்று பேசட்டும். பிறகு ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்பில் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும்: விதியை அறிந்து பயன்படுத்தியது, ஃபவுலும் உடல் மோதலும், நியாய மனம், நல்ல மனப்பாங்கும் தன்னடக்கமும், பேச்சுத் தொடர்பு. நன்றாக, இயல்பாக ஆடிய அணிக்கு 2. எனவே மொத்தம் 10 என்பது நல்ல மதிப்பெண்தான். புதியவர்கள் தாராளமாக எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் அணிகளைப் பிரித்துப் பார்க்கவே முடியாது. 2-லிருந்து ஏற்றினாலும் இறக்கினாலும் நடந்த ஒரு சம்பவத்தைக் காரணமாக எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் நிரப்பாமல் அணி முழுதும் உட்கார்ந்து பேசி நிரப்பட்டும். தோற்ற சூட்டில் வேண்டாம். தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்துத் தாளைக் கையில் கொடுங்கள்.