மேலடுக்கைப் பார்த்து வாங்கினால்

கேள்வி: போன் சார்ஜர் மூன்றாம் நாளே செத்துவிட்டது. பில் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்? (ஏறாவூர்)

பதில்: அடுத்த சார்ஜருக்குப் பில் எடுங்கள்.

கேள்வி: தயிர் வியாபாரத்துக்கு 600 சட்டி இறக்கினேன். 50ஐத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் 3 ஒழுகுகிறது. மொத்தத்தில் எத்தனை போகும்? (களுவாஞ்சிக்குடி)

பதில்: ஐம்பதுக்கு மூன்று என்றால் நூற்றுக்கு ஆறு, 600க்கு 36. ஆனால் 36 என்று எழுதி வைத்துவிடாதீர்கள். 50 மட்டும் பார்த்தால், பழுது ஏறத்தாழ 10இலிருந்து 95 வரை எங்கேயும் நிற்கலாம். 200ஐப் பார்த்து 12 ஒழுகியிருந்தால், 20க்கும் 60க்கும் இடையில் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அதுவும் அந்த ஐம்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? லொறிக் கதவடியில் கைக்கெட்டியதை எடுத்திருந்தால் இந்தக் கணக்கே வீண். மாம்பழப் பெட்டியானாலும் சரி, கூரை ஓடானாலும் சரி, நல்லது மேலே, சொத்தி அடியிலே. எத்தனை வருடமாக இதற்கு எரிகிறேன்! சட்டியில் ஒருவரும் களவு செய்யாவிட்டாலும் பாரம் முழுக்க அடியடுக்குக்குத்தான். அடுக்குகளுக்கு இலக்கம் போட்டு, சீட்டுக் குலுக்கி, வந்த இலக்கத்தை எடுங்கள். வைக்கலுக்கு அடியில் கிடந்தாலும் இழுத்தெடுங்கள். புதுச் சட்டி வெளியே ஈரம் காட்டுவது பழுதல்ல, சொட்டினால்தான் பழுது. விரலால் தட்டினால் நல்லது கணீரென்னும், கீறல் விழுந்தது டொக்கென்னும்.

கேள்வி: ஐந்து பல்ப் எரித்துப் பார்த்தேன், எல்லாம் நல்லது. கடைக்கு 1000 எடுக்கலாமா? (கல்முனை)

பதில்: ஐந்தா? தம்பி, மகளின் கலியாணத்துக்கு 50 பிளாஸ்டிக் கதிரை வாங்கியவன் நான். மூன்றில் இருந்து பார்த்தேன், திறம். பந்தியில் பெரியப்பா சோற்றுக் கோப்பையோடு விழுந்தார். பிறகு பார்த்தால் நான்கு கதிரைக்குக் கால் வெடிப்பு. ஐம்பதில் நான்கு பழுதென்றால், எடுக்கிற மூன்றும் நல்லதாக வர நூற்றுக்கு 77 வாய்ப்பு. நூறு பல்பாவது எரித்துப் பாருங்கள். அதில் ஒன்றும் போகாவிட்டாலும், 1000இல் 30 வரை போகக்கூடும் என்று விலை பேசுங்கள்.

கேள்வி: வாங்கிய மாதமே மின்விசிறி நின்றுவிட்டது. பில்லும் வொரன்டி அட்டையும் உண்டு. கடைக்காரர் "நாளைக்கு வா" என்றே ஏழு தரம் அலைக்கழித்துவிட்டார். (அக்கரைப்பற்று)

பதில்: எட்டாம் தரம் போகாதே மனே. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடு. வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் பிரதியை இணை, ஏழு தேதியையும் எழுது. விபரம் கேட்க 1977க்கு அழை.