வன்னியில இங்கிலிஷ் ரீச்சரா நியமனம் வந்தால் போகலாமா, வாழ்க்கை வீணாப் போயிடுமா?

"முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலிஷ் படிப்பிக்க நியமனம் வந்திருக்கு, அங்கத்தைப் பிள்ளையளுக்கு ஏ பி சி டியே ஒழுங்கா வராதாம், போய் என்ன பிரயோசனம்" எண்டு கேட்டிருக்கிறியள். நீங்கள் யாழ்ப்பாணப் பக்கமாத்தான் இருக்கோணும், கம்பஸ் முடிச்சுக் கனகாலம் காத்திருந்து இப்பதான் வேலை கிடைச்சிருக்கும், வீட்டில அம்மா "ஆரையாவது பிடிச்சு கிட்டவா மாத்து" எண்டு நிண்டுகொண்டிருப்பா. பிழையெண்டால் குறை நினையாதேங்கோ. ஆனா அந்த "போய் என்ன பிரயோசனம்" எண்ட வரி எனக்குச் சுட்டுப்போட்டுது.

எங்களுக்கு இங்கிலிஷ் படிப்பிச்ச சேர் கண்டாவளைப் பக்கத்து ஆள், வயல்காரக் குடும்பம். முதல்ல தொண்டர் ஆசிரியராத்தான் சம்பளமே இல்லாமல் போனவராம், பிறகுதான் நியமனம், ரெயினிங் எல்லாம். அவற்ர உச்சரிப்பு பெரிய திறம் எண்டு நான் சொல்லமாட்டன், இப்ப யூரியூப்பில படிப்பிக்கிற பெடியள் கேட்டால் சிரிப்பினம், சிரிச்சிட்டுப் போகட்டும்.

1996ல சண்டையில கிளிநொச்சி இடம்பெயர்ந்து சனமெல்லாம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எண்டு சிதறினதுதானே, எங்கட பள்ளிக்கூடமும் வேறொரு பள்ளிக்கூடத்து வளவில மத்தியானத்துக்குப் பிறகு மரத்துக்குக் கீழ நடந்தது. பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, ஆமி பற்றரி விடமாட்டான், மண்ணெண்ணெய் யானை விலை, ஜாம் போத்தில்ல திரி போட்டுத்தான் படிப்பு. இரவில றேடியோவில பிபிசி தமிழோசை கேக்கிறதுக்கு வீடு வீடா சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்துவினம், அது அந்தக் காலத்தில வன்னியில இருந்த எல்லாருக்கும் தெரியும். இந்த மனுசன் என்ன செய்தவர் எண்டால் அதே டைனமோவைப் பின்னேரத்தில சுத்தி எங்களை பிபிசி இங்கிலிஷ் செய்தி கேக்க வைச்சவர். ஒருத்தன் பெடலைக் கையால சுத்தோணும், மற்றவை கொப்பியோட சுத்திவர இருக்கோணும், சுத்துறவன் களைச்சால் செய்தி வாசிக்கிறவற்ர குரலும் தேய்ஞ்சு தேய்ஞ்சு செத்துப்போகும், உடன சேர் "ஃபாஸ்டர், ஃபாஸ்டர்" எண்டு கத்துவார். எங்களுக்கு முதல் விளங்கின இங்கிலிஷ் அதுதான். காதில விழுந்த எந்தச் சொல்லெண்டாலும் எழுதலாம், ஸ்பெல்லிங் பிழையெண்டால் பரவாயில்லை, ஒண்டுமே எழுதாமல் விட்டால்தான் பேச்சு விழும். முதல் கிழமை எங்கட கொப்பியளில ஊர்ப் பேரைத் தவிர வேற ஒண்டும் இல்லை. போகப் போக "செட்", "கில்ட்", "கவர்ண்மென்ட்" எண்டு பிடிபட்டுது. நல்ல சொல்லாப் பாத்து வர அந்தக் காலத்துச் செய்தியில எங்க இருந்தது.

இப்ப ஆரும் கொமன்ட்டில வந்து "அப்ப அவரிட்டப் படிச்ச பிள்ளையளின்ர ஓ.எல். சோதினை ரிசல்ட் என்ன" எண்டு கேப்பினம். கன பேர் இங்கிலிஷில பெயில்தான், ஒளிக்கேல்லை. ஆனா 2002ல ஏ9 றோட்டுத் திறந்து கிளிநொச்சிக்குள்ள என்ஜிஓக்கள் வரிசையா வந்து ஒவ்வொரு கந்தோரிலயும் மொழிபெயர்க்க ஆள் தேடேக்க ஆரைப் பிடிச்சவை? வெள்ளைக்காரனுக்கு முன்னால நடுங்காமல் வாயைத் திறந்த எங்கட பெடி பெட்டையளைத்தான். "கோட்டாவில கம்பஸ் போற ஆக்கள்" எண்டு நக்கலடிக்கிறவைக்கும் ஒண்டு சொல்லுறன், கம்பஸ் இடங்களில பின்தங்கின மாவட்டங்களுக்கு ஒதுக்கின அந்த 5 வீதப் பட்டியல்ல யாழ்ப்பாணமும் இருக்கு, வடிவா வாசிச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தாரைத் திட்டுறன் எண்டு தொடங்கவேண்டாம், என்ர அம்மாவே சாவகச்சேரி.

அதிபர் சேவைச் சோதினை எழுதச் சொல்லி எத்தினையோ பேர் சேரைக் கரைச்சல்படுத்தினவை, எழுதேல்லை. கதிரையில இருந்து கடிதத்துக்குக் கையெழுத்து வைக்கிறதெண்டால் வகுப்புக்கு ஆர் போறது எண்டு கேப்பாராம். அவற்ர மனிசிக்கு அதில இண்டைக்கும் கோவம்தான், அவவின்ர பக்கமும் நியாயம் இருக்கு, பென்சன் கணக்கில அது தெரியும்.

2009ல எங்களை மெனிக்பாம் முகாமில கொண்டுபோய் அடைச்ச நேரம் அவரும் குடும்பமும் எங்களுக்குக் கிட்டவாத்தான் இருந்தவை. புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. கூடாரத் தறப்பாள்ல நீல எழுத்தில யூ என் எச் சி ஆர் எண்டு ஐ.நா. அகதி நிறுவனத்தின்ர பேர் பெரிசா அடிச்சிருக்கும், என்ர மருமகளுக்குச் சேர் ஏ பி சி டி அந்தத் தறப்பாள்லதான் தொடக்கினவர். யூ எங்க, என் எங்க எண்டு சின்னனுகள் கூடாரம் கூடாரமா ஓடி ஓடித் தொட்டுக் காட்டுங்கள், பிறகு நிவாரண மாவுப் பையில இருந்த எழுத்து, அதுக்குப் பிறகு தண்ணித் தாங்கியில இருந்தது. தண்ணி வரிசையில நிக்கிற சனம் பாத்துச் சிரிக்கும், அந்த நாளையில சிரிக்க எங்களுக்கு வேற என்ன கிடந்தது.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், எண்டாலும் சொல்லாமல் விடேலாது. "பிள்ளையள் முதல் பாடத்துக்கே வராதுகள்" எண்டு உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பினம். காலமை ஏ9ல வந்து நிண்டு பாருங்கோ. சீசன் ரிக்கெட் வைச்சிருக்கிற பிள்ளையளைக் கண்டால் பஸ்காரன் தள்ளிக் கொண்டுபோய் நிப்பாட்டுறான், ஓடிப்போய்ச் சேரமுதல் எடுத்திடுவான். தனியார் பஸ்காரனுக்குச் சீசனே கண்ணில காட்டக்கூடாது. நாங்கள் எத்தினை தரம் எழுதிக் குடுத்தாச்சு, ஒருத்தரும் கேக்கேல்லை. பிள்ளை வெயிலுக்க நடந்து ரெண்டாம் பாடத்துக்கு வந்து சேர, அங்க "ஏன் லேட்" எண்டு அடி.

சரி, உங்கட விசயம். என்ர கதையைக் கேட்டுப் போட்டு உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்க வேண்டாம், குடும்பம், சம்பளம், தூரம் எல்லாம் யோசிக்கத்தான் வேணும், நான் ஒண்டும் தியாகம் செய்யச் சொல்லேல்லை. ஆனா போறதெண்டால் போய்ச் சேர்ந்த முதல் கிழமையே இடமாற்றத்துக்கு ஃபோம் நிரப்பாதேங்கோ, பிள்ளையளுக்கு அது உடன விளங்கும், அதுகள் வந்து போன கன ரீச்சர்மாரைப் பாத்ததுகள். கிரமரில தொடங்காமல் முதல்ல கதைக்க விடுங்கோ. குவாட்டர்ஸ் கிடைக்காட்டி ஊருக்குள்ள வீடு பிடிக்கலாம், கடற்கரைப் பக்கமா எடுத்தால் மட்டும் வாடகை பேசமுதல் கிணத்துத் தண்ணியை ஒருக்கா வாயில விட்டுப் பாருங்கோ, உப்பெண்டால் குடிதண்ணிக்குத் தினமும் அலைச்சல்தான்.