லண்டன் - பாரிஸ்: 348 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

கேள்வி: லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையம் 348 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 போகிறது. கணக்குப்படி 26 நிமிடம். டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் போட்டிருக்கிறதே?

பதில்: அது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து பாரிசில் கொண்டுபோய் நிறுத்தும் வரைக்குமான கணக்கு. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோய் வரிசையில் நிற்கவே 15, 20 நிமிடம் போய்விடும். வானத்தில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம். அதிலும் 800 வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான். ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டிய தூரம் இது.

காற்றும் ஒரு காரணம். மேற்குக் காற்று அடித்தால் (அங்கே பெரும்பாலான நாள் அதுதான்) விமானம் மேற்கே பார்த்துக் கிளம்பும். பாரிசோ தென்கிழக்கில்! வளைந்து திரும்ப வேண்டும். அந்தப் பக்கமும் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், மேற்கு முகமாகத் திரும்பித்தான் இறங்கும். 348 என்பது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தது.

கேள்வி: திரும்பி வரும்போது 12 மணிக்குக் கிளம்பி 12.20க்கு லண்டன் என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: இல்லை. பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இரு நாடும் ஒரே நொடியில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த வித்தியாசம் ஆண்டு முழுக்க மாறாது.

கேள்வி: அண்ணை, பாரிஸில தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போறம். பிளேனோ, ரெயினோ?

பதில்: ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். விமானத்துக்கு ஹீத்ரோ போக ஒரு மணி, முன்கூட்டிக் காத்திருக்க இரண்டு மணி, பயணம் 1 மணி 20 நிமிடம், கடவுச்சீட்டும் பெட்டியும் முக்கால் மணி, ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வர அரை மணி: ஐந்தரை மணிக்கு மேல். லண்டன் - பாரிஸ் ரயிலான யூரோஸ்டார் என்றால், லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தில் ஒன்றேகால் மணி முன்னதாக நின்றால் போதும், ஓட்டம் சுமார் 2 மணி 20 நிமிடம். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடும். கார் து நோரில் இறங்கி நேரே வெளியே வரலாம். அங்கிருந்து லா சப்பல் நடைதூரம்தான்.

கேள்வி: பிரித்தானிய வதிவிட அனுமதி இருக்கிறது, இலங்கைப் பாஸ்போர்ட். அது போதுமா?

பதில்: போதாது. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசா வேண்டும். இல்லாவிட்டால் செயின்ட் பாங்கிராசிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

கேள்வி: ஆட்டுக்கறி சமைத்துக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடாது. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் கொண்டுபோகத் தடை. சமைத்ததும் அதில் அடங்கும், பிடித்தால் குப்பைத்தொட்டிக்குத்தான்.